மாற்றிப் படிப்பவள்

என் அக்காவும் நானும் பேச்சை நிறுத்தி நாலைந்து வருடம் ஆகிறது. அப்படிப்பட்டவள் போன திங்கட்கிழமை காலையில் என் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டு வாயை மூடாமல் பேச ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. பள்ளிப் பாடப்புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன்னால் கடைசியாகப் பிழை பார்ப்பவள் நான்தான். 'பார்ப்பவள்' என்றுதான் சொல்வேன். யாருக்காவது அதில் ஆட்சேபம் இருந்தால் என் முகத்துக்கு நேராக வந்து சொல்லட்டும், நானும் திருப்பிச் சொல்கிறேன். எந்த வரியைக் கொடுத்தாலும் கொக்கி போட்டு இழுத்துவிடுவேனாம், அதனால் அலுவலகத்தில் எனக்குக் 'கொக்கி' என்று பெயர். பட்டப்பெயர் வைத்தது பக்கம் அமைக்கிறவர். அவருக்கு நான் வைத்த பெயர் 'கமா'. ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் ஒரு டீ குடிக்காமல் அவரால் இருக்க முடியாது.

என் பழைய கருவி திடீரென்று உயிரை விட்டது. மேனேஜர் புதுசு ஒன்றை வரவழைத்து, திங்கட்கிழமை காலையில் என் மேசைமேல் வைத்தார். கணினி விசைப்பலகை அளவுக்கு ஒரு பெட்டி. அதன் முன்விளிம்பில் வரிசையாகக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. கட்டத்துக்குள் ஆறு புள்ளிகள், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. கணினியில் என்ன வரி இருக்கிறதோ அதற்கு ஏற்றபடி புள்ளிகள் எழும்பும், விரலால் தடவிப் படிக்கவேண்டியதுதான். இது என் பழைய கருவியிலும் உண்டு. புதுசில் கூடுதலாக ஒன்று, அதே வரியை அது வாய்விட்டும் படிக்கும்.

"தமிழ்க் குரல் அவ்வளவு இயல்பா இருக்காம்மா. மிஷின் பேசுதுன்னே தெரியாது," என்றார் மேனேஜர், தானே செய்து கொண்டுவந்தவர் மாதிரி.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

"வணக்கம். கருவி தயாராக உள்ளது."

அக்கா!

வாக்கியம் முடிகிற இடத்தில் குரலை லேசாக மேலே தூக்கி வைப்பாள், ஏதோ கேட்க நினைத்து மறந்துபோனவள் மாதிரி. உலகத்தில் வேறு யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. அக்காவுக்குக் குரல்தான் பிழைப்பு. விளம்பரத்துக்குப் பேசுவாள், அறிவிப்புக்குப் பேசுவாள். 'கதவுகள் மூடுகின்றன' என்று எத்தனையோ லிப்டுகளில் சொல்கிறவள் அவள்தான். அவளோடு சண்டை போட்டதிலிருந்து நான் படிக்கட்டில்தான் ஏறி இறங்குகிறேன். இப்போது எவனோ அவள் குரலைப் பதிவு செய்து, துண்டு துண்டாக நறுக்கி, எந்த வார்த்தையை வேண்டுமானாலும் சொல்லும்படி ஒட்டி, என் மேசைக்கே அனுப்பி வைத்திருக்கிறான்.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டேன். "வேற குரல் இல்லையா சார்?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு? ஆம்பளக் குரல் அடுத்த வருஷம்தான் வருதாம்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்களுக்குத் தெரியாததில்ல. விரலால தடவித் தடவிப் படிச்சா நேரமாகுதும்மா. குரல வேகமா ஓட விட்டீங்கன்னா ஒரே நாள்ல முடிச்சிடலாம். நாலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். முடிச்சுக் குடுத்தீங்கன்னா உங்க இடம் உங்களுக்கு. முடியலன்னா, முன்னாடி போன் எடுக்க ஆள் இல்லாம கிடக்கு. சம்பளம் அதேதான்."

சம்பளம் அதேதானாம்! என்னவோ எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி. வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து "வணக்கம், யார் வேணும் உங்களுக்கு?" என்று நாள் பூராவும் கேட்டுக்கொண்டிருக்கவா நான் இத்தனை வருடம் விரல் தேயப் படித்தேன்? இதை மட்டும் யாரும் புரிந்துகொள்வதில்லை. படிப்பது எனக்கு வெறும் வேலை இல்லை. ஒரு விஷயம் என்ன என்று தெரிந்துகொள்ள இன்னொருத்தர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் இருப்பது. அந்த நாற்காலி போய்விட்டால் அதுவும் போய்விடும்.

குரல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குரல் நல்ல வேலைக்காரிதான். ஒரு சொல் இரண்டு தடவை வந்திருந்தால், ஒரு வரி விட்டுப்போயிருந்தால் சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 'அரை'யும் 'அறை'யும் அதற்கு ஒன்றுதான். 'கரை'யும் 'கறை'யும் ஒன்றுதான். 'முன்னால்' என்பதை 'முண்ணால்' என்று அடித்து வைத்திருந்தாலும் அதுபாட்டுக்குப் படித்துக்கொண்டு போகும். அதையெல்லாம் விரல்தான் பிடிக்கும். மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவதை நான் விரல்நுனியில் தேடுகிறேன், அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்தால் நல்லதுதான். ஆனால் அந்தக் குரலா? உலகத்தில் வேறு யார் குரலும் கிடைக்கவில்லையா?

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் பள்ளியில் படித்த காலத்தில், பிரெயில் புத்தகம் வந்து சேர்வதற்குள் பரீட்சையே முடிந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் எனக்குப் படித்துக் காட்டியது அக்காதான். கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன் என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அப்படித்தான் நம்பினேன். நாலாம் வகுப்பில் ஒரு பாடம். சிறகொடிந்த பறவையை ஒரு சிறுமி வீட்டுக்கு எடுத்து வந்து பார்த்துக்கொள்வாள். கடைசி வரியை அக்கா, "மறுநாள் காலையில் பறவை பறந்து போனது" என்று படித்தாள். வகுப்பில் டீச்சர் கேட்டபோது நானும் எழுந்து அதையே சொன்னேன். "இறந்து போனதும்மா. பறந்து இல்ல," என்றார் டீச்சர். வகுப்பே கொல்லென்று சிரித்தது. வீட்டுக்கு வந்து குதித்தேன். "எனக்கு அப்படித்தான் படிக்க வந்துச்சு," என்றாள் அக்கா. ஓர் எழுத்துதானே என்று விட்டுவிட்டேன்.

அப்பா விஷயத்தை அப்படி விட முடியவில்லை. நான் வெளியூருக்கு வேலைப் பயிற்சிக்குப் போகவேண்டியிருந்த சமயம், அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டாக்டர் கொடுத்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா எனக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டினாள். எல்லாம் சரியாகிக்கொண்டு வருகிறது என்று போட்டிருக்கிறதாம். "நீ பயிற்சிக்குப் போய்ட்டு வா. அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். போனேன். வெளியூரில் நான் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரைக்கும் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். நம்பிக்கை இல்லை என்று அந்த ரிப்போர்ட்டிலேயே இருந்ததாக நர்ஸ்தான் பிறகு சொன்னார். எனக்குக் கண் இல்லாதது அவளுக்கு வசதியாகப் போயிற்று, வேறென்ன? அன்றைக்கு நிறுத்தியதுதான் பேச்சு.

அதனால் திங்கட்கிழமை குரலை நிறுத்திவிட்டு விரலை மட்டும் நம்பி உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை மேனேஜர் வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் மூணாவது பாடமாம்மா?" என்றார். அவர் போனதும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு குரலைப் போட்டேன்.

சனியன் பிடித்த கருவி! நான் வரியில் பாதி தூரம் போவதற்குள் அக்கா முழு வரியையும் படித்து முடித்துவிடுகிறாள். முடித்ததும் என் விரலுக்குக் கீழே இருந்த புள்ளிகள் பொலபொலவென்று விழுந்து அடுத்த வரி எழும்பிவிடுகிறது. சின்ன வயதிலும் இதே கதைதான். "இரு, இரு," என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைப் புரட்டிவிடுவாள். கருவி விற்றவர்களுக்குப் போன் போட்டேன். "குரல் போற இடத்துக்கு விரலும் போகணும்னு அமைப்பு வெச்சிருக்கோம் மேடம், அது ஒரு வசதி," என்றான் அங்கே இருந்தவன். யாருக்கு வசதி என்று கேட்டேன். லைனில் காத்திருக்கச் சொன்னான். காத்திருப்பவர்களுக்காக ஒரு பதிவு ஓடியது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது." அதுவும் அக்காதான்! போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கருவியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கூடத்து மேசையில் வைத்து வேலையை ஆரம்பிக்கும்போது ஹெட்போன் ஒயர் எங்கேயோ மாட்டிப் பிடுங்கிக்கொண்டது. கருவி சத்தமாகவே, "பாடம் நான்கு," என்றது.

சமையலறையில் கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. "பெரியவளே! வந்துட்டியாடி? ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதா?" என்று அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். கூடத்துக்கு வந்ததும் கால் சத்தம் நின்றுபோனது. "எங்கடி அவ?"

"இந்தப் பெட்டிக்குள்ள."

விஷயத்தைச் சொன்னேன். அம்மா என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்ப் போய் ஓய்ந்துபோனவள் அவள். "இன்னொரு தடவ பேசச் சொல்லேன்," என்றாள். ஏதோ ஒரு பட்டனை அழுத்தினேன். "மின்கலத்தில் பாதி மீதம் உள்ளது," என்றாள் அக்கா.

அம்மா பெருமூச்சு விட்டாள். "இளைச்சுப் போய்ட்டா. குரல்லயே தெரியுது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குரலை மறுபடியும் நிறுத்திவிட்டேன். இனிமேல் விரல்தான், எது வந்தாலும் வரட்டும் என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை வேலை சூடு பிடித்தது. பிழைகள் வரிசையாகச் சிக்கின. நாலாம் வகுப்புப் புத்தகத்தில் இப்படியா? ஒரு பாடத்தில் 'நம் நாடு' என்று வரவேண்டிய இடத்தில் 'நம் மாடு'. ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் 'ஆற்றங்கலை'க்குப் போகிறார்கள். 'வாழை' என்பது 'வாவை'யாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, மரம் நடும் பாடத்தின் தலைப்பு. அதைப் படித்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. 'வீட்டுக்கு ஒரு மரம்' என்பதை 'வீட்டுக்கு ஒரு மலம்' என்று அடித்து வைத்திருந்தார் கமா! டீ குடிக்கிற ஞாபகத்தில் வேலை செய்தால் இப்படித்தான். எல்லாவற்றையும் கொக்கி போட்டு அவருக்கு அனுப்பினேன். கீழே, 'குழந்தைகள் படிக்கிற புத்தகம், நினைவிருக்கட்டும்' என்று ஒரு குத்தும் சேர்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் புயல் மாதிரி வந்தார். "என்ன மேடம், விளையாடறீங்களா? 'மரம்'னுதான் இருக்கு."

"நல்லாப் பாருங்க. மலம்னு இருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எனக்குக் கண்ணு இருக்கு மேடம்," என்றார் கமா. சொன்னதும் அவருக்கே உறைத்திருக்கவேண்டும், சட்டென்று நிறுத்திக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான். நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எனக்கு விரல் இருக்கிறது என்றேன், நான் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன் என்றேன், டீக்கடையில் போய்ப் புத்தகம் போடுங்கள் என்றேன். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். நாடு. ஆற்றங்கரை. வாழை. மரம்.

என் காது மடல் இரண்டும் சுட்டன.

"எதுக்கும் குரலையும் போட்டு ஒரு தடவ கேட்டிருக்கலாமேம்மா," என்றார் மேனேஜர். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சொன்னது நியாயம், அதுதான் தாங்கவில்லை. போகும்போது, "திங்கக்கிழமைலேர்ந்து முன்னாடி உக்காருங்க, கொஞ்ச நாளைக்கு," என்றார்.

எல்லோரும் அவரவர் மேசைக்குப் போன பிறகு ஹெட்போனை எடுத்து மாட்டினேன். அந்தத் தலைப்புக்குப் போனேன். "வீட்டுக்கு ஒரு மரம்," என்றாள் அக்கா தெளிவாக. விரல், மலம் என்றது. இன்னொரு தடவை. மரம், மலம். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? வரியின் தொடக்கத்தில் ஒரு இடைவெளியைத் தட்டினேன். எழுத்துகள் எல்லாம் ஒரு கட்டம் வலதுபக்கம் நகர்ந்தன. இப்போது தடவினால் மரம்! இடைவெளியை எடுத்தேன், மறுபடியும் மலம்.

அப்புறம் அந்த ஒரு கட்டத்தை மட்டும் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வலதுபக்கம் மூன்று புள்ளிகளில் நடுப்புள்ளி எழும்பவே இல்லை. அந்தப் புள்ளி போனால் எங்கள் எழுத்தில் 'ர' என்பது 'ல' ஆகிவிடும். 'ழ' என்பது 'வ' ஆகும். 'ந' என்பது 'ம' ஆகும். கணக்குப் போட்டு வைத்த மாதிரி, இப்படிப்பட்ட எழுத்து அந்தக் கட்டத்தில் வந்து விழும்போதெல்லாம் என்னை முட்டாளாக்கியிருக்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் அதே எழுத்து சரியாக இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை, கமாவின் கவனக்குறைவு என்றே நினைத்துவிட்டேன்.

இத்தனை வருடமாக நான் நம்பிய ஒரே சாட்சி என் விரல். அதுவும் என்னிடம் மாற்றிப் படித்துவிட்டது. நம்பவே மாட்டேன் என்று வாயை அடைத்து வைத்தேனே, அந்தக் குரல் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. யார்மேல் எரிந்து விழுவது என்றே தெரியவில்லை. கமாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மேடம், நானும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

கருவியைச் சரிசெய்ய அடுத்த வாரம்தான் ஆள் வருமாம். வியாழக்கிழமை காலையில் வேறு வழியில்லாமல் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வரி முடிந்ததும் அக்காவை நிறுத்த ஒரு பட்டன் இருப்பதைக் கண்டுபிடித்தேன். ஒரு பட்டனில் அக்காவின் வாயை அடைக்க முடிவது எவ்வளவு சுகமான விஷயம் என்பது தங்கைகளுக்குத்தான் தெரியும். அவள் ஒரு வரி படிப்பாள், நிறுத்துவேன், அதே வரியை விரலால் தடவுவேன், பழுதான கட்டம் வந்தால் அவளைத் திரும்பச் சொல்லச் சொல்வேன். காதும் விரலும் ஒத்துப்போனால் அடுத்த வரி. ஆரம்பத்தில் தலையால் தண்ணீர் குடிக்கவேண்டியிருந்தது. மதியத்துக்குள் கை பழகிவிட்டது. வேகம்கூட வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

கடைசிப் பாடத்தின் தலைப்பை அக்கா, "சிறகொடிந்த பறவை," என்று படித்தாள். எனக்கு ஒரு நிமிடம் கை ஓடவில்லை. அதே பாடம். இத்தனை வருடம் ஆகியும் பாடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். தலைப்பைத் தடவினேன். 'சிறகொடிந்த பரவை' என்று இருந்தது. பரவை என்றால் கடல். கட்டம் பழுதா என்று நகர்த்திப் பார்த்தேன். இல்லை, எங்கே வைத்தாலும் 'ர'தான்.

ஒருமுறை சூடு பட்டவள் இல்லையா? கமாவை மெதுவாகத்தான் கூப்பிட்டேன். "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, எனக்குச் சண்டை போடத் தெம்பில்ல."

அவர் பார்த்தார். "அட ஆமா! பெரிய எழுத்துல, தலைப்புலயே... மூணு பேர் பாத்தோமே," என்று தலையில் அடித்துக்கொண்டு மேனேஜரிடம் அவரே ஓடினார். மேனேஜர் வந்து என் மேசைமேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டே நின்றார். அவர் அப்படித் தாளம் போட்டால் மனசு மாறுகிறது என்று அர்த்தம். "நாளைக்குக் காலைல முழுப் புத்தகமும் என் மேசைக்கு வந்துடணும். வந்துடுச்சுன்னா அந்தப் போன் பேச்ச நானும் எடுக்கல, நீங்களும் எடுக்காதீங்க," என்றார்.

மீதி ஒரே ஒரு பாடம். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். சிறுமி பறவைக்குத் தண்ணீர் வைக்கிறாள், பஞ்சில் படுக்கை செய்கிறாள். எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. கடைசி வரி வந்தது.

"மறுநாள் காலையில் பறவை இறந்து போனது."

அதே குரல். கடைசியில் லேசாக மேலே தூக்கி வைத்த அதே இழுப்பு. தடுமாற்றமே இல்லாமல், மின்கலத்தில் பாதி இருக்கிறது என்று சொன்னதுபோலவே சொன்னது. இந்தக் குரல் என்னிடம் ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பறவைக்கும் சொன்னதில்லை, அப்பாவுக்கும் சொன்னதில்லை. விரலை வைத்தேன். 'இறந்து' என்றுதான் இருந்தது. காதும் விரலும் ஒத்துப்போய்விட்டன. சரி என்று குறித்துவிட்டு மூடவேண்டியதுதான். மூட முடியவில்லை. திரும்பத் திரும்ப அவளை அதையே சொல்லவைத்துக்கொண்டிருந்தேன். மிஷினுக்கு வருகிறதே, உனக்கு ஏன் வரவில்லை?

போனை எடுத்து அக்காவின் எண்ணைப் போட்டேன். அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

"ஹலோ," என்றாள் அக்கா.

"எதுக்கு உன் குரல அந்த மிஷினுக்குக் குடுத்த?" என்றேன். இத்தனை வருடம் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

"உன் கைக்கு வந்துடுச்சா?" என்றாள். அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டாள். "மூணு மாசம் ஒரு கண்ணாடி ரூம்ல உக்கார வெச்சு, தலையும் இல்லாத வாலும் இல்லாத வாக்கியமாப் படிக்கச் சொன்னாங்கடி. பாதியில ஓடிடலாம்னு இருந்துச்சு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான் படிச்சா மாத்திப் படிச்சிடுவேன். அது படிச்சா மாத்தாது. அதான் குடுத்தேன்."

அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. எல்லாவற்றையும் ஒரு வாக்கியத்தில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்கிறாளா? "நாலாம் கிளாஸ் பறவைப் பாடம் இப்ப என் கையில இருக்கு," என்றேன். "உன் போனுக்கு அந்தப் பக்கத்த அனுப்பறேன். கடைசி வரிய மட்டும் படி. என் விரல் அது மேலயேதான் இருக்கு. மாத்தினா தெரிஞ்சிடும்."

அனுப்பினேன். காத்திருந்தேன். விரலை வரியின் தொடக்கத்தில் வைத்தேன்.

"மறுநாள் காலையில்," என்று படித்தாள். விரல் கூடவே போனது. "பறவை..." நின்றாள். என் விரல் 'இ' என்ற எழுத்தின் மேல் நின்றது. அந்தப் பக்கம் அவள் மூச்சு மட்டும் கேட்டது. "பறவை, பற..."

"அக்கா! என் விரல் அங்கதான் இருக்குன்னு சொன்னேன்!"

"தெரியும்டி!" என்று அவளும் கத்தினாள். "கண்ணு முன்னாடி எழுத்துப் பெருசாத் தெரியுது, வாய்தான் வர மாட்டேங்குது. ஆஸ்பத்திரியில அன்னைக்கும் இதேதான். உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்துக்கிட்டு எப்படிடி அதப் படிப்பேன்? நீ பாக்கல. நான் பாத்துக்கிட்டிருந்தேன்." குரல் உடைந்துவிட்டது. "என்னால முடியாது. நீ படி."

அவள் செய்தது சரி என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். அப்பாவிடம் நான் போய்ச் சேரவேண்டிய நேரத்தை அவள் எடுத்துக்கொண்டாள், அதை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் கண் இருந்தும் அவளால் ஒரு வரியைப் படிக்க முடியவில்லை, அதைப் படித்துக் காட்டச் சொல்லி அவள் என்னிடம் கேட்கிறாள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கருவியின் குரலை நிறுத்தினேன். விரலை மறுபடியும் தொடக்கத்துக்குக் கொண்டுபோனேன்.

"மறுநாள் காலையில்," என்று நிதானமாகப் படித்தேன். "பறவை இறந்து போனது."

அக்கா அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், அப்பாவைத் தூக்கும்போதும் எல்லாருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தவளாம், இப்போது ஓவென்று அழுதாள். அம்மா வந்து என் பின்னால் நின்றுகொண்டு ஈரக் கையை என் தோளில் வைத்தாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தப்பு ஏதாவது இருக்காடி?" என்று கேட்டாள்.

"இந்த வரியில இல்ல," என்றேன்.